மூன்றாவது ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி

காலிறுதியில் ஜெயித்த அன்றைக்கு லெனின் சொன்னான்:
தோற்கும்வரை எவனும் சவரம் பண்ணக் கூடாது.
ஜெர்மனியில் அப்படித்தானாம்.
வெல்டிங் வேலைக்குப் போன அவன் மச்சான் நவநீதன்
அந்த ஊர் அணியின் வீடியோ ஒன்றை அனுப்பியிருந்தான்.
பனித்தரை, காலில் கத்தி,
ஆளை ஆள் கண்ணாடிச் சுவரில் அப்பித் தள்ளுகிறான்.
பந்துகூடக் கிடையாது, கறுப்பாய் ஒரு வில்லை.
அதற்குப் போய் அத்தனை தாடி.

எங்களுக்கு இன்றோடு இருபத்திரண்டு நாள்.
நீடாமங்கலம் கடைத்தெருவில்
"மொத்த டீமும் பழனிக்கா?" என்கிறார் டீக்கடை ஹனீபா.
எத்தனையாவது மாசம் என்று
வீரமணியிடம் விசாரித்தார் மருந்துக்கடைக்காரர்.
அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.
பக்கிரிசாமிக்குப் பங்குனியில் நிச்சயதார்த்தம்.
வீட்டில் ஏதும் துக்கமா என்று
பெண்வீட்டார் ஆள்விட்டுக் கேட்டார்கள்.
பெனால்டி கார்னர் அடிக்கிறவன் அவன்,
முகத்தைத் தொட விடவில்லை லெனின்.

முதல் ஆட்டம் கோவில்பட்டியில். நீலத் தரை.
தண்ணீர் பீய்ச்சிய அந்தத் தரையில்
பந்து முன்னால் போய்ச் சேர்ந்தது, நாங்கள் பின்னால்.
மூன்றுக்கு ஒன்று.
இரண்டாவது இங்கே, எங்கள் புழுதியில்.
இரண்டுக்கு ஒன்று, எங்களுக்கு.
மூன்றாவதற்குக் காசு சுண்டினார்கள்,
நம்ம ஊர் விழுந்தது.

நாளைக்கு ஜெயித்தால் சென்னை, இறுதிப் போட்டி.
பத்தொன்பது வருஷ கிளப்பில் கோப்பை வைக்க அலமாரி இல்லை.
தட்சிணாமூர்த்தி தன் சைக்கிள் கடையில்
டியூப் தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில்
ஓர் இடம் துடைத்து வைத்திருக்கிறார்.
யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.
காற்றடிக்கப் போகிற சாக்கில் எல்லோரும் பார்த்துவிட்டு வருகிறோம்.

மைதானத்தின் கால்வாசியில் கொள்முதல் நெல்,
ஒன்பது நாளாய் லாரி வராத மூட்டைகள்.
கோல் கம்பம் இடுப்புவரை அதற்குள் நின்றது.
இன்று சாயங்காலம் லாரி வந்தது, ஏற்ற ஆள் வரவில்லை.
தாடிக்காரர் பதினாலு பேரும் சட்டையைக் கழற்றினோம்.
சங்கத்துக்காரர் ஒருவர் வந்து எண்ணிப் பார்த்து,
கூலி எங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.
முந்நூற்று எண்பது மூட்டை, நாற்பது கிலோ வீதம்.

முந்நூறைத் தாண்டும்போது
பலகை வழுக்கி இருதயராஜ் விழுந்தான்.
மூட்டை அவன் இடது மணிக்கட்டின் மேல்.

பார்த்தவன் நான் மட்டும்.
நான் அவனுக்கு மாற்று கீப்பர்.
மூன்று வருஷமாய்ப் பேட் கட்டிக்கொண்டு பெஞ்சில் வெந்தவன்,
தண்ணீர் பாட்டில் நீட்டுகிறவன்.
"சொல்லிடாதடா" என்றான்.

மணி ரெண்டு. ஐஸ் கம்பெனியில் எனக்கு ராத்திரி ஷிப்ட்.
மீன் வண்டிக்குப் பாளம் உருவுகிற தொட்டியோரம்
அவன் உட்கார்ந்திருக்கிறான்.
ஈரத் தரையில் ஒரு பாளத்தைக் கொக்கியால் தள்ளினேன்,
சுவர்வரை சத்தமில்லாமல் போய் முட்டியது.
"நவநீதன் ஊரு" என்று சிரித்தான்.
அப்புறம் பல்லைக் கடித்தான்.

ரயில்வே கேட் மூடிக் கிடக்கிறது,
அரை மணியாக நகராத சரக்கு ரயில்.
அந்தப் பக்கம் ஒரு வேன் ஹாரன் அடிக்கிறது.
கோவில்பட்டிக்காரர்களாக இருக்கலாம்,
நாகப்பட்டினம் போகிற எவனாவதாகவும் இருக்கலாம்.

உடைத்த ஐஸைத் துண்டில் சுற்றி
அவன் மணிக்கட்டை
இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருக்கிறேன்.
வீக்கம் வற்றட்டும்.
வற்றாமல் போகட்டும்.
எது எந்தக் கையின் வேண்டுதல் என்று தெரியவில்லை,
இரண்டும் மரத்துவிட்டன.

தாடி அரிக்கிறது.
சொறியக் கை இல்லை.