எரிகுழிக் கணக்கு

லுகாவாட்ஸ் ஊரில் எங்கள் தெருவுக்கு
காபூல் தெரு என்று பெயர் வைத்தது தபால்காரர்.
பதினொரு வீடுகளில் ஒன்பது
அந்தப் போரின் சம்பளத்தில் எழும்பியவை.
எங்களுடையது மூன்று மாடி.
மூன்றாவதற்கு இன்னும் சன்னல் வைக்கவில்லை,
புறாக்கள் வாடகை தருவதில்லை.

என் தம்பி நெஜிப் சிப்பாய் இல்லை.
துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை.
ஒப்பந்தத்தில் அவன் பதவி
'கழிவு மேலாண்மை உதவியாளர், இரண்டாம் நிலை.'
அம்மா அதைச் சுருக்கி
மேலாளர் என்று ஊரெல்லாம் சொன்னாள்.
நானும் திருத்தவில்லை.
என் விவாகரத்து வக்கீலுக்குக் கொடுத்ததும்
அந்தப் பணம்தான்.

புறப்பட்ட அன்று பேருந்து நிலையத்தில் சொன்னான்:
"நம்மைக் காப்பாற்ற யாரோ வந்தார்கள் இல்லையா, அக்கா?
இப்போது நம் முறை."
இருபத்து நாலு வயது.
நம்பித்தான் சொன்னான்.

தொண்ணூற்று மூன்று.
கிழக்கே, மலைக்காட்டில் ஒளிந்திருந்தோம்.
இரவில் விமானம் பெட்டிகளைப் போட்டுவிட்டுப் போகும்.
விடியுமுன் தேடப் போவோம், மற்றவர்களும் தேடுவார்கள்.
எங்களுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று:
பழுப்பு உறை, உள்ளே வேர்க்கடலை வெண்ணெய்.
சோப்பு என்று நினைத்து அம்மா
அவன் கைகளைத் தேய்த்துக் கழுவப் பார்த்தாள்.
விரலை முதலில் நக்கியவன் அவன்தான்.
ஏழு வயது.
உறையை மூன்று குளிர்காலம் பத்திரமாக வைத்திருந்தான்.

அதே பழுப்பு உறை
கந்தஹார் முகாமில் அவன் குழிக்கு
லாரி லாரியாக வந்து இறங்கியது.
தேதி தாண்டி இரண்டு நாள் ஆனவை.
அப்புறம்
தேதி தாண்டாதவையும்.
ஏன் என்று கேட்டான், ஒரே ஒரு தடவை.
கிடங்கு காலியானால்தான்
அடுத்த மாதமும் இதே அளவுக்குப் பில் போடலாம்
என்றார் மேற்பார்வையாளர், கோபமே இல்லாமல்,
வழி சொல்வதுபோல.

டீசல் ஊற்றுவது அவன் வேலை.
பிரிக்காத பிரின்டர்கள், பேட்டரிகள், டயர்கள்,
ஒருமுறை விளக்குச் சரத்தோடு
ஒரு பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம்.
மருத்துவக் கூடாரத்தின் சிவப்புப் பைகளைப் பற்றி
அவன் பேசுவதில்லை.
நான் கேட்பதுமில்லை.

வேலிக்கு அப்பால் பையன்கள் நிற்பார்களாம்,
இறைச்சிப் பொட்டலங்கள் எரியும் நாட்களில்.
"மூக்கால் சாப்பிட்டார்கள்" என்றான்.
அவர்களில் ஒருவனுக்கு ஏழு வயது இருக்கும் என்று
அவன் சொல்லவில்லை.
நானாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

கூட வேலை பார்த்த நேபாளி, தேக் பகதூர்.
அதே மண்வெட்டி, இவனுக்குக் கிடைத்ததில் கால்வாசிக் கூலி.
மிசிசிப்பிக்காரர் ஒருவருக்கு
இவனைப்போல் நாலு மடங்கு.
புகை மட்டும் யாருடைய பாஸ்போர்ட்டையும் பார்க்கவில்லை.

இப்போது மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுகிறான்.
கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது.
புதுப் பெயரில் வந்த கடிதத்தை
அகராதியோடு உட்கார்ந்து நான்தான் படித்தேன்.
கேள்வி பதினான்கு:
புகை இருந்ததற்கு ஆதாரம் இணைக்கவும்.

அவன் அனுப்பிய படங்கள் ஒன்பது.
ஒன்பதிலும் அவனுக்குப் பின்னால்
துவைத்துக் காயப்போட்ட நீலம்.
"அம்மா பார்த்தால் பயப்படுவாள்,
அதனால் எப்போதும்
புகையைப் பார்த்தபடி நின்றுதான் எடுத்துக்கொண்டேன்."

நேற்று இரவு படங்களைப் பெரிதாக்கிக்கொண்டே போனேன்.
ஆறாவது படம். கூலிங் கிளாஸ் போட்டிருக்கிறான்.
இடது கண்ணாடியில்
நகக்கண் அளவுக்கு ஒரு தூண்,
வளைந்து, நெற்றிப் பக்கமாகச் சாய்ந்து.
அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தான்.

"கண்ணாடியே கறுப்புத்தானே, அக்கா"
என்றான், இருமி முடித்த பிறகு.