எந்தக் கை

பன்னிரண்டாம் பாகம் வரை
வெல்லனின் தழும்பு வலக்கையில்.
கட்டைவிரலுக்குக் கீழே, மீன்முள் போல.
உப்புக்கோளில் மூன்று நாள் தொலைந்து
கப்பலுக்குத் திரும்பி வந்து
தேநீர்க் கோப்பைக்குக் கை நீட்டும்போது
அது இடக்கையில்.

பதினான்கு நொடி.
அதற்குப் பிறகு கையுறை. அதற்கும் பிறகு
தொடரையே நிறுத்திவிட்டார்கள்.

இருபத்தெட்டு ஆண்டுகளாக
அபர்டீனில், துறைமுகத்துக்குப் பின்னால்,
வியாழன்தோறும் ஒரு மதுக்கடையில் கூடி
அந்தப் பதினான்கு நொடியைப் பிய்த்துத் தின்கிறோம்.

"படச்சுருளைத் திருப்பி ஒட்டிவிட்டான் எவனோ"
என்பான் இன்னிஸ்.
மீன் சந்தைக்குப் பனிக்கட்டி ஏற்றிப் போகிறவன்.
குளிர்ந்த உள்ளங்கையை மேசையில் வைத்தானென்றால்
வழக்கு முடிந்தது என்று பொருள்.

முடியாது.
திருப்பி ஒட்டினால் சட்டைப் பொத்தான் பக்கம் மாறும்.
வெல்லனின் சட்டைக்குப் பொத்தானே கிடையாது.
சுவர்க் கடிகாரம் பின்னோக்கி ஓடும்.
அந்தக் கடிகாரத்தில் எண்கள் இல்லை, ஒற்றை முள்,
பதினான்கு நொடியும் அது அசையவில்லை.
(பேட்டரி தீர்ந்திருக்கும்: இன்னிஸ்.
அங்கே காலமே நின்றிருக்கும்: நான்.)
சரி, கப்பல் பூனை ஏன் அன்று
அவன் மடியில் ஏறவில்லை?
"அன்றைக்கு நடித்தது வேறு பூனை."

போக்னா மூன்றாம் கட்சி.
எல்லாமே பூனை கண்ட கனவு என்றாள் ஒருநாள்.
மருந்துக்கடையில் இரவு வேலை கிடைத்ததும்
வருவதை நிறுத்திக்கொண்டாள்.
அவள் நாற்காலியில் இப்போது எங்கள் கோட்டுகள்.

நான் எக்ஸ்ரே எடுப்பவள்.
முறிந்த மணிக்கட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே
தலை நரைத்தவள்.
எங்கள் படத்தின் மூலையில்
ஈயத்தில் ஓர் எழுத்து விழும்,
இது இடம், இது வலம் என்று.
அதை வைக்க மறந்த ஒரு நாளில்
ஓர் ஆளின் நல்ல முழங்காலை அறுக்க இருந்தார்கள்.
அதனால்தான் சொல்கிறேன்,
திரும்பி வந்தது வெல்லன் இல்லை.
அவனுக்கு நேர் எதிரே நின்று
அவனைப் பார்த்துப் பார்த்துத்
தன்னை வரைந்துகொண்ட ஏதோ ஒன்று.

இன்னிஸ் பிடித்த முயலுக்கு மூன்று கால்.
என் முயலுக்கு ஐந்து.

போன மார்ச்சில் அவனே ஒரு முகவரி கொண்டுவந்தான்.
ரோனா மில்ன், அந்தத் தொடரின் ஒப்பனைக்காரி.
ஸ்டோன்ஹேவனில் நாய்களுக்கு முடிவெட்டும் கடை.
ரயிலில் இருபது நிமிடம்.
இருபத்தெட்டு ஆண்டுகளாய்
இருபது நிமிடத் தொலைவில் இருந்திருக்கிறது பதில்.

சோப்பு நுரையில் ஒரு டெரியரை அமுக்கிப் பிடித்தபடி
"தழும்பா? நான் போடவே இல்லையே.
அந்த மனுஷனுடைய சொந்தத் தழும்பு அது.
சின்ன வயதில் நண்டுக்கூடைக் கம்பி கிழித்ததாம்" என்றாள்.

இன்னிஸ் என் பக்கம் திரும்பவில்லை.
அந்த அளவுக்கு நல்லவன்.
சொந்தத் தழும்பு கை மாறாது.
அப்படியானால் படச்சுருள்தான்.

"எந்தக் கையில்?"
மீதிச் சில்லறை கேட்பவள்போலச் சும்மாதான் கேட்டேன்.

அவள் வலக்கையைத் தூக்கினாள்.
பிறகு இடக்கையை.
பிறகு நுரை வழியும் இரண்டையும் பார்த்தாள்.
"அவர் நாற்காலியில். நான் அவருக்குப் பின்னால்.
நாள் முழுக்க அவரைக் கண்ணாடியில்தானே பார்த்தேன்."
நாய் உடம்பை உதறியது.
மூவரும் நனைந்தோம்.

திரும்பும் ரயிலில் எதிரெதிர் இருக்கை.
போர்ட்லெதன் வரை அவன் பேசவில்லை.
கடல் இருட்டிக்கொண்டிருந்தது.
பிறகு, மெல்ல,
"எஃபி, அந்தப் பதினான்கு நொடிதான் நேராக இருந்து
முதல் பன்னிரண்டு பாகமும் திருப்பி ஒட்டியவை என்றால்?"

போனவன்தான் போலி.
வந்தவன் வெல்லன்.
இருபத்தெட்டு ஆண்டுகளில்
எனக்கு இது தோன்றவே இல்லை.

பரிசோதகர் வந்தார்.
இன்னிஸ் டிக்கெட்டை நீட்டினான்.
எந்தக் கையால் என்று
ஜன்னலில்தான் பார்த்தேன்.