ஐம்பத்து நாலு படி

வியாழன் பதினொரு மணிக்கு
மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர்
தண்டையார்பேட்டைப் புறநோயாளிப் பிரிவின்
பழைய எக்ஸ்ரே அறையில் நெருக்கி உட்காருவார்கள்.
ஆளுக்கொரு ஜெராக்ஸ் தாள் கொடுப்பேன்.

கன்னியப்பன். வயது எழுபத்தெட்டு.
துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர்.
இரண்டு மாதத்தில் மூன்று முறை விழுந்திருக்கிறார்.
தலைசுற்றல். தொடைத்தசை மெலிவு.
தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லப்பட்டது.
படியேறும் பயிற்சி, நாளுக்குப் பத்து முறை.
கடைசி வரி, அடிக்கோட்டுடன்:
ஒத்துழைக்கவில்லை.

தாளில் இல்லாதது இது.
நாலாவது வாரம் அவர் வரவில்லை.
வாக்கரைத் திரும்ப வாங்கத்தான் போனேன்,
அக்கறையில் அல்ல; ஸ்டோர் கீப்பர் கணக்குக் கேட்டார்.
ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி.
கைப்பிடிக் கம்பியை யாரோ அறுத்து
எடைக்குப் போட்டிருந்தார்கள்.
படியெல்லாம் குடம், திருப்பத்தில் சைக்கிள்,
வலைமூட்டை, அதன்மேல் தூங்கும் நாய்.
மேலே சேர்ந்தபோது எனக்கே மூச்சு வாங்கியது.
அப்போது எனக்கு முப்பத்தாறு.

வாசலில் வாக்கர், அதில் காயும் லுங்கி.
"கக்கூஸ் கீய கீது.
உள்ள இருக்கறது அடச்சி ரெண்டு வருசம் ஆவுது.
நீ சொல்ற தண்ணிய நான் குட்ச்சா
நீயா வந்து தூக்கினு போவ?"
பிறகு ஒரு கெட்ட வார்த்தை.
எனக்குத்தான் என்று நினைக்கிறேன்;
வாரியத்துக்காகவும் இருக்கலாம்.

மாலை நாலுக்கு மேல் ஒரு சொட்டு குடிப்பதில்லையாம்.
எண்ணிக்கொண்டே இறங்கினேன், ஐம்பத்து நாலு.
வாக்கர் தொலைந்தது என்று எழுதிக் கொடுத்தேன்.
சிறுநீர்க் குடுவை ஒன்று வாங்கி அனுப்பினேன்.
நன்றி வரவில்லை. ஆளும் வரவில்லை.
மீஞ்சூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாக
வார்டுபாய் சொன்னான், உறுதியாகத் தெரியாமல்.

இப்போதெல்லாம் பிரஷர் பட்டையைச் சுற்றுமுன்
கேட்டுவிடுகிறேன்: கக்கூஸ் எங்கே? எத்தனை படி?
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர்
நாகரிகம் இல்லை என்று எழுத்தில் புகார் கொடுத்தார்.
அடுத்த வாரம் வந்து, கதவைச் சாத்திவிட்டு,
பதினேழு என்றார்.

பிள்ளைகள் தாளைப் படிக்கிறார்கள்.
கன்டெய்னர் லாரி போகும்போது ஜன்னல் அதிர்கிறது.
ஷப்ரீன் கை தூக்குகிறாள்:
"வீட்டைப் போய்ப் பாக்காமலே
ஒத்துழைக்கலைனு எழுதியிருக்காங்களே மிஸ்,
யாரு இவங்க?"

கையெழுத்து இருக்கும் இடத்தை
ஜெராக்ஸ் எடுக்கும்போது மறைத்துப் பிடித்திருந்தேன்.
பன்னிரண்டு தாளிலும், வலது மூலையில்,
கறுப்பாக, ரேகை தெரிய,
என் கட்டைவிரல்.