கண்கட்டு அவிழ்த்த நாள்

இன்று போரா நூற்றுப் பத்துக் கிலோமீட்டர் வேகம்.
பஸ் நிறுத்தத்தில் ஒரு குப்பைத்தொட்டி
தன் சோலியாகப் போவதுபோல்
சாலையைக் கடந்து போயிற்று.
த்ரியெஸ்தேயின் மேட்டுத் தெருவைச்
சுவர்ச் சங்கிலியைப் பிடித்தபடி ஏறினேன்.
இந்தக் காற்றை ஊரில் எவரும் பார்த்ததில்லை.
பறந்த தொப்பிகளைப் பார்த்திருக்கிறோம்.

எங்கள் தொழிலிலும் அவ்வளவுதான்.
விண்மீன்திரள்கள் விலகுகின்றன,
விலகும் வேகமும் கூடுகிறது.
தள்ளுவது யாரென்று கேட்டால்
இருள் ஆற்றல் என்போம்.
தெரியாது என்பதை
இரண்டு சொல்லில் சொல்வது.

என் மாதிரிக்கு ஏழு வயது.
அதில் வெற்றிடம் பனிக்கட்டி:
ஆதியிலிருந்து உறைந்து கிடந்து
கடைசி ஜாமத்தில் இளகத் தொடங்கியது.
லிவியோவின் மாதிரியில் எதுவும் இளகாது.
ஒரே எண். மைனஸ் ஒன்று.
என்றைக்கும்.
"சோம்பேறிப் பிரபஞ்சம்" என்பேன்.
"கடன் வாங்காத பிரபஞ்சம், நிவெஸ்" என்பான்.
நான் கூடுதலாய்ச் சேர்த்த இரண்டு எண்களுக்குக்
கணக்கில் அபராதம் உண்டு; அதைச் சொல்கிறான்.

ஆசை விடையைத் தன் பக்கம் இழுத்துவிடாதிருக்க
தரவுகளை ஒரு ரகசிய எண்ணால்
நகர்த்தி வைத்திருந்தாள் ஒன்டினா.
பதினான்கு மாதம் அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு
கேன்டீனில் எங்கள் எதிரே அமர்ந்து
அவரைச் சூப் குடித்தாள்.
புருவம்கூட அசையவில்லை.

மூன்று மணிக்கு அவிழ்த்தோம்.
ஜன்னல் சட்டம் ஊளையிட்டது.
திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாகத்
தத்தம் இடத்தில் வந்திறங்கின,
பிழைக்கோடுகளை மீசைபோல் முறுக்கிக்கொண்டு.

சூப்பர்நோவாக்கள் என் வளைவை ஒட்டியே வந்தன.
நான்கு புள்ளிவரை மூச்சு விடவில்லை.
பிறகு அந்தப் பழைய அளவுகோல்:
ஆதிப் பிழம்பில் எழுந்த ஒலி
விண்மீன்திரள்களுக்கு நடுவே விட்டுப்போன இடைவெளி,
ஏறத்தாழ ஐம்பது கோடி ஒளியாண்டு.
அது என் கோட்டைத் தொடவில்லை.
லிவியோவின் கோட்டையும் தொடவில்லை.
இருவருக்கும் நடுவில்
யாரும் கோடு போடாத இடத்தில் நின்றது.

எவ்வளவு உறுதி?
இரண்டு புள்ளி ஆறு சிக்மா.
உரைகல்லில் விழுந்த கீறல்
தங்கமென்று சொல்லப் போதாது,
பித்தளையென்று வீசவும் மனம் வராது.

லிவியோ கண்ணாடியைத் துடைத்தான், வெகுநேரம்.
"ஒளியளவுத் திருத்தத்தில் கோளாறு இருக்கலாம்."
தோற்கும்போது அவன் சொல்லும் வாக்கியம்.
இன்று நானும் சேர்ந்து சொன்னேன்.
ஒன்டினா சிரித்துக்கொண்டே
அடுத்த வருடத் தரவுக்கு
வேறொரு எண்ணைத் தேர்ந்தெடுக்கப் போனாள்.
அவளுக்கென்று மாதிரி எதுவும் கிடையாது.
அளப்பவள்.

இறங்கி வரும்போது காற்று ஓய்ந்திருந்தது.
எதிர்ச்சரிவில் கவிழ்ந்து கிடந்தது குப்பைத்தொட்டி.
எவ்வளவு தூரம் தள்ளியிருக்கும்?
முப்பத்துநான்கு என்று மனதில் குறித்துக்கொண்டு
காலடியால் அளந்தேன்.
நாற்பத்தொன்று.
பிழை: ஒரு காலடி,
கூடவோ குறையவோ.