பன்னிரண்டேகால் வண்டி

நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்:
தேதி – பயண நாள்.

மேலூர் சாலையில், டயர் கடைக்கு மேல் மாடி.
சன்னலைத் திறந்தால் மாட்டுத்தாவணிப் புகை
விசைப்பலகையில் வந்து உட்காரும்.
முன்பதிவுக் கருவிகள் பதினொன்றுக்கு
விளக்கம் எழுதுவது என் வேலை.
மனிதர் யாரும் அதைப் படிப்பதில்லை.
படிக்கிற ஏஜென்ட்டுக்கு
மதுரை தெரியாது, ராத்திரி தெரியாது,
சந்தேகம் வந்தால் உயர்த்தப் புருவம் கிடையாது.
நான் எழுதியது மட்டும் தெரியும்.

உசிலம்பட்டி ஒச்சம்மாளின் மருமகன்
போனைப் பார்த்துச் சொன்னார்:
"சனிக்கெழம ராத்திரி, வேலூருக்கு,
பன்னெண்டேகால் வண்டி, கீழ்ப் படுக்கை ஒண்ணு."
ஏஜென்ட் சொன்ன பேச்சைத் தட்டவில்லை.
சனிக்கிழமையின் தேதியை எடுத்தது,
பூஜ்யம் பூஜ்யம் பதினைந்தை எடுத்தது,
கருவியை அழைத்தது.
பணம் போய்ச் சேர்ந்தது.

நம் ஊரில் சனிக்கிழமை ராத்திரி
விடிகிற வரைக்கும் சனிக்கிழமைதான்.
பால் பாக்கெட் வந்து விழாமல் ஞாயிறு பிறக்காது.
சர்வரில் இருக்கிற நாளோ
ஆளரவமற்ற நேரத்தில் சத்தமில்லாமல்
சட்டை மாற்றிக்கொள்கிறது.

ஆக, வெள்ளிக்கிழமை தூங்கப் போன பிறகு
ஒச்சம்மாள் பெயரில் ஒரு படுக்கை
போர்வை மடிப்புக் கலையாமல்
மேலூர் தாண்டி, திருச்சி தாண்டி
வேலூர் போய்ச் சேர்ந்தது.
மறுநாள் ராத்திரி அவர் வந்து நின்றார்,
கையில் எக்ஸ்ரே உறை,
காலடியில் கட்டைப் பை.
கிளீனர் பட்டியலை மூன்று தடவை மேலும் கீழும் பார்த்தான்.

திங்கட்கிழமை புகார் என் மேசைக்கு வந்தது.
"மாடல் குழம்பிருச்சு" என்றார் இன்னாசி.
"இல்ல சார், நான்தான் சிக்கனமா எழுதிட்டேன்."

அன்றிரவு பவுன்ராஜின் கவுன்ட்டர் ஓரம் போய் உட்கார்ந்தேன்.
இருபத்து மூன்று வயது. ஒரு காதில் கிரிக்கெட்.
வருகிற முகம் எதையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.
ஆனால் கேட்கிறான்:
இன்னைக்குப் படுக்காமப் போறீங்களா,
படுத்து எந்திரிச்சுப் போறீங்களா?
ஆரப்பாளையத்துல ஏறுறீங்களா, இங்கனயா?
காசு எவ்வளவு வரும்னு கேக்குறீங்களா,
இல்ல, ரத்தே பண்ணணுமா?

கடைசிக் கேள்வியில் எனக்கு வியர்த்தது.
போன மாதம் திருமங்கலத்திலிருந்து ஒருவர்
ரத்து பண்ணினால் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்க,
ஏஜென்ட்
ரத்து பண்ணிப் பார்த்துச் சொன்னது.
'பார்' என்னும் சின்னச் சொல்லுக்குள்
அப்படியொரு பள்ளம் இருப்பதை
அதுவரை நான் தாண்டித் தாண்டியே நடந்திருக்கிறேன்.

மாடிக்குத் திரும்பி எழுதினேன்.

தேதி: சக்கரம் உருளும் கணத்தில் காலண்டர் காட்டும் தேதி.
நள்ளிரவு பன்னிரண்டுக்கும் நான்கு மணிக்கும் இடைப்பட்ட வண்டியானால்
பயணி சொல்லும் கிழமைக்கு அடுத்த தேதியாக இருக்கக்கூடும்.
ஊகிக்காதே. அழைக்காதே. முதலில் கேள்.
கேட்க வேண்டிய வாக்கியம்:
அன்றிரவு தூங்காமல் கிளம்புகிறீர்களா?

ரத்து: இது விசாரிக்கிற கருவி அல்ல.
அழைத்த பின் இடம் போய்விடும், திரும்ப வராது.
தொகையை மட்டும் அறிய வேறு கருவி உண்டு.
அதன் பெயர் கீழே.

"நீளமா இருக்கே" என்றார் இன்னாசி.
ஒரு 'கூடும்'-ஐ வெட்டிப் பார்த்தேன்,
மறுபடி ஒட்டிவிட்டேன்.

கடைசிக் கட்டம்: திருப்பித் தருவது.
படுக்கை எண், ஏறும் இடம், கிளம்பும் நேரம்
என்று நிரப்பினேன்.
ஒச்சம்மாள் அன்றைக்கு அரசுப் பேருந்தில்
எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே போனாராம்.
டாக்டரைப் பார்க்கும் முறை புதனுக்குத் தள்ளிப் போனதாம்.
அதை எந்தக் கட்டத்தில் எழுத?

கீழே வண்டி ஒன்று ஹாரன் அடித்தது.
திரையின் மூலையில்
தேதி மாறிப் பதினாலு நிமிடம் ஆகியிருந்தது.
சன்னலுக்கு அடியில், டீக்கடையில்,
இன்னும் நேற்றுதான்.