ஒன்று புள்ளி நான்கு

காலை ஒன்பது மணி.
ஹார்ஷமில் இந்நேரம் கோதுமை லாரிகள்
ரவுண்டானாவில் முனகித் திரும்பும்.
நான் நைட்டியும் தொப்பியுமாகப்
பின்பக்கப் புல்லைக் கடக்கிறேன்.
புல் என்பது மரியாதைக்கு.
பிப்ரவரியில் அது காலடியில் அப்பளமாக நொறுங்கும்.

மழைமானியின் புனலைக் கழற்றிப் பார்க்கிறேன்.
ஓர் எறும்பு.
யூகலிப்டஸ் பட்டையில் ஒரு துணுக்கு.
நோட்டில் எழுதுகிறேன்: 0.0

"சுழி போடவா தினமும் வெயிலில் நடக்கிறாய்?"
ஆஸ்பத்திரி லேபில் என் பக்கத்து மேசை
பெர்னடெட் கேட்டாள்.
அவளுக்குத் தெரியாததா?
காலிக் கட்டம், பார்க்கவில்லை என்கிறது.
சுழி, பார்த்தேன், இல்லை என்கிறது.
இரண்டும் ஒன்றென்றால்
ரத்தம் பரிசோதிக்க நாங்கள் எதற்கு?

நாற்பத்தொரு நாள்.
பக்கம் முழுக்க முட்டை,
ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் நான் வாங்கியது மாதிரி.
நடுவில் ஒரே ஒரு மாலை
தகரக் கூரையில் பத்துப் பதினைந்து சொட்டு.
கதவைத் திறப்பதற்குள் காய்ந்துவிட்டது.
அதற்கும் ஒரு குறி இருக்கிறது:
வந்தது, அளவுக்கு அகப்படவில்லை.

நாற்பத்திரண்டாம் நாள்
ஒன்று புள்ளி நான்கு.

கண்ணாடிக் குழலைக் கண்மட்டத்துக்குத் தூக்கி
நீரின் குழிவுக்கு அடியில் படித்தேன்.
மறுபடி படித்தேன்.
வானம் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்.
கொடியில் துணி மொறமொறவென்று.
ரேடாரில் அடிலெய்டு வரைக்கும்
ஒரு பச்சைப் பொட்டு இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் ட்ரெவர்,
பறவைகளைப் படமெடுப்பவர்.
ஆந்தைக்காக எங்கள் மரத்தைப் பார்த்து
ஒரு கேமராவைக் கட்டியிருக்கிறார்,
அசைவு கண்டால் தானே எடுக்கும்.
மெமரி கார்டைக் கழற்றிக் கொண்டுவந்தார்.

போசம்.
போசம்.
யார் வீட்டுப் பூனையோ.
போசத்தின் வால் மட்டும்.
பிறகு, நாலு பன்னிரண்டுக்கு,
பேக்கரி வேலைக்குக் கிளம்பும் முன்
லுங்கியில் என் கதிரேசன்.
அந்த வெளிச்சத்தில் அவருக்கும் போசத்தின் கண்கள்.
கையில் இருமல் மருந்தின் மூடி.
மூன்று படம், மூன்று மூடி.
மனக்கணக்குப் போட்டேன்.
சரியாகத்தான் வருகிறது.

ட்ரெவர் சிரிக்கவில்லை.
"ஃபோகஸ் நன்றாக விழுந்திருக்கிறது" என்றார்.

கட்டத்தில் 0.0 எழுதினேன்.
குறிப்பு என்ற இடத்தில் கொஞ்சம் நின்று,
மனிதத் தலையீடு என்று எழுதினேன்.

இரவு கேட்டேன்,
"அதென்ன ஒன்று புள்ளி நான்கு?"
தயிர்ச்சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்:
"அதிகம் ஊத்தினா நீ நம்ப மாட்டே."

மார்ச்சில் ஒரு வளைகாப்பு.
வெள்ளி மதியம் மெல்போர்ன் போய்
மூன்று இரவு தங்கினோம்.
திங்கள் விடியுமுன் கிளம்பித் திரும்பியதும்
காரின் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினேன்.

பதினொன்று புள்ளி ஆறு.

அரை உழவுக்குக் காணாது என்பார்கள் எங்கள் பக்கம்.
இங்கே உள்ளூர்ப் பத்திரிகையில் வரும்.
ஆனால் எந்த நாள் மழை?
சனி, ஞாயிறு கட்டங்களைக் காலியாக விட்டு
திங்களில் மொத்தத்தை எழுத வேண்டும்.
அதுதான் விதி. எழுதினேன்.

சாயங்காலம் ட்ரெவர் ஒரு படத்தை நீட்டினார்.
மின்கம்பியில் தலைகீழாக ஒரு கலா கிளி,
ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு,
சிறகு ரெண்டையும் விரித்து,
இளஞ்சிவப்பு நெஞ்சு நனைய நனைய.
ஓரத்தில்: சனி, மாலை 3.40.

"பிறகென்ன, பிரிச்சுப் போடு.
கிளியே சாட்சி" என்றார் கதிரேசன்.
ஞாயிறும் பெய்திருக்கலாம் என்றேன்.
படம் ஃபிரிட்ஜில் இருக்கிறது.
கட்டங்கள் ரெண்டும் காலியாக இருக்கின்றன.

செவ்வாய், ஒன்பது மணி.
புனலுக்குள் ஒரு நத்தை.
0.0