நண்பகல் பாவனை

காலை ஒன்பதரைக்கு வந்தார் ஹென்ட்ரிக் புஷ்மான்.
இரவு வேலை முடித்து
நான் படுக்கப்போகிற நேரம்.
ஏணி இல்லை. ஒரு டேப்லெட், ஒரு டோர்ச்,
முழங்காலில் தேய்ந்த காற்சட்டை.
"கூரையைப் பார்க்க வந்தேன்" என்றார்
பெண் பார்க்க வந்தவர் போலச்
சப்பாத்தைக் கழற்றி ஓரமாய் வைத்து.

பதினொரு வருடமாக எங்களுடையது இந்த வீடு,
அதாவது வங்கியுடையது.
ஹாகன் நகரின் மேட்டுத் தெருவில்
சுவரோடு சுவர் ஒட்டிய ஐந்தில் நான்காவது.
வாசல் எந்தத் திசை என்று
வாங்கும்போது ஆயிரம் பேர் கேட்டார்கள்.
கூரை எந்தத் திசை என்று
முதலில் கேட்டவர் இவர்தான்.

பரணுக்கு ஏறினோம்.
பழைய சூட்கேஸ்களை நகர்த்திவிட்டு
கைமரத்தின் மேல் போனைக் கிடத்தினார்:
நாற்பத்தொரு பாகை.
மரத்தைக் கத்தி முனையால் குத்திப் பார்த்து
மருத்துவர் மாதிரி "ம்" என்றார்.
ஜெர்மன்காரரின் "ம்" நல்லதா கெட்டதா,
இத்தனை காலமாகியும் எனக்குப் பிடிபடவில்லை.

ஓடுகள் அறுபத்திரண்டாம் ஆண்டினவை. மூன்றில் வெடிப்பு.
கராஜ் கூரையை அவர் பார்க்கவே விரும்பவில்லை:
"அதில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.
துளை போடுவது இருக்கட்டும், பக்கத்தில் நின்று தும்மவும் வேண்டாம்."

பிறகு தெருவுக்கு இறங்கி இருவரும் அண்ணாந்து நின்றோம்.
தென்மேற்குச் சரிவு. "நல்லது. மிக நல்லது."
புகைபோக்கியின் நிழலை டேப்லெட்டில் ஓட்டிக் காட்டினார்:
ஆடியில் ஒரு கட்டை விரல்,
மார்கழியில் கூரையின் பாதியை அளக்கும் நீண்ட கை.
"அந்த டிஷ் இன்னும் வேலை செய்கிறதா?"

என்ன சொல்வது.
அதில் செய்தி கேட்டு எத்தனையோ வருடம்.
சேனல் மூடி, பெயர் மாறி, மறுபடி மூடி,
இப்போது எல்லாம் போனில்.
டிஷ் மட்டும் யாரும் பேசாத வானத்துக்குக்
காதைக் கொடுத்தபடி.
"அதை எடுத்தால் இன்னுமொரு பலகை வைக்கலாம்."
பதினாறா, பதினேழா.
"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்,
யோசிக்க என்ன இருக்கிறது என்று தெரியாமலே.

சமையலறையில் தேநீர். படிவம்.
ஆண்டுக்கு எத்தனை அலகு: பில்லைக் காட்டினேன்.
சமையல்: மின்னடுப்பு. தைப்பொங்கலும் அதில்தான்,
பொங்கியதும் பின் கதவைத் திறந்து
மேகம் இருக்கும் பக்கமாய்க் கும்பிடுவோம்.
அதை அவர் எழுதவில்லை.

"பகலில் வீட்டில் யார்?"
வதனா பல் மருத்துவரிடம், எட்டிலிருந்து ஐந்து வரை.
மகள் பள்ளிக்கூடத்தில்.
நான் இருப்பேன்.
"அப்படியா, நல்லது! என்ன பாவிப்பீர்கள்?"
ஒன்றுமில்லை. தூங்குவேன்.

படிவத்தில் அதற்குப் பெட்டி இல்லை.
ஷட்டரை அடிவரை இறக்கி,
ஒரு கீற்று நுழைந்தாலும் துவாயால் அடைத்து,
பதினொரு வருடம் வெயிலை
ஜன்னலிலேயே திருப்பி அனுப்பியவன் நான்.
அது என் தலைக்கு நான்கு முழம் மேலே
ஓடுகளைச் சுட்டுக்கொண்டு இருந்திருக்கிறது,
சம்பளம் கேட்காத பகல் ஷிப்டாக.

புஷ்மான் டேப்லெட் பேனாவைக் கடித்தார்.
"சலவை மெஷின், பாத்திர மெஷின்,
எல்லாவற்றையும் நண்பகலுக்கு மாற்றுங்கள்.
அல்லது பேட்டரி. ஆனால் பேட்டரி..."
விலையைச் சொல்லாமல் கையை மட்டும் உயர்த்தினார்,
கூரை வரைக்கும்.

மாலை வதனாவிடம் சொன்னேன்.
டிஷ்ஷைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.
"நாளைக்கே பன்னிரண்டரைக்கு டைமர் வைக்கிறன்.
நித்திரை வருதோ எண்டு பாருங்கோ.
கூரைக்கு முதல்
உங்களைத்தான் பரிசோதிக்க வேணும்."

இப்போது பன்னிரண்டு முப்பத்தெட்டு.
அறை இருட்டு. பலகை ஒன்றும் இன்னும் வரவில்லை.
சுவருக்கு அப்பால் தண்ணீர் இறங்குகிறது,
யாருடைய சட்டைப் பொத்தானோ
மெஷின் கண்ணாடியில் டக், டக் என்கிறது.
கண்ணை மூடி
நாற்பத்தொரு பாகையில் படுத்திருப்பதாக
நினைத்துக்கொள்கிறேன்.